பூனை எடுத்த அளவு

தங்கையின் பை முன்னறை மூலையில் அப்படியே கிடந்தது.

நேற்று சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள், விடிந்த பிறகும் அதன் ஜிப்பைத் தொடவில்லை. பையைப் பிரிக்காதவள் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று அர்த்தம். பிரித்துவிட்டால் கதை வேறு. கறார் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்த ஜிப்பைத்தான் பார்த்தார்.

கறார் என்பது தெருவில் உள்ளவர்கள் வைத்த பெயர். அவர் கண்ணாடி வெட்டுகிறவர். கண்ணாடியில் கொஞ்சம் முன்னே பின்னே என்ற பேச்சுக்கே இடமில்லை. மனுஷரிடமும் அவர் அப்படித்தான் பேசுவார். சாமியிடமும் அதே கறார்தான். "இருந்தா வந்து நிக்கட்டும். அளவெடுத்து நல்ல சட்டமாப் போட்டுத் தரேன்" என்பார்.

இதைக் கேட்டு ஊரிலேயே அதிகமாகச் சிரித்தவர் பூனை.

பூனை அவருடைய இளவயது நண்பர், தொழிலில் கூட்டாளி, தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, மூன்றும் ஒரே ஆள். கனத்த கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் காலடி கேட்காது, அதனால் பூனை. அந்தப் பூனைதான் போன ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இனிமே என் வழி இதுதான்" என்று சொல்லிவிட்டார். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை இல்லை. அவள் அதைக் காய்கறிக் கடையில் நிற்கும்போது யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள். வாங்கின காயை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பையைக் கட்டினாள்.

"தூங்கறாருண்ணா," என்றாள் தங்கை, சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு.

கறார் புரியாமல் பார்த்தார். ராத்திரியெல்லாம் அவர் தங்கைக்குச் சொல்வதற்காக நாலைந்து காட்டமான வசனங்களை யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

"தூங்கினா நல்லதுதானே?"

"என்ன நல்லது? கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அந்த மனுஷன் ஒழுங்காத் தூங்கி நான் பாத்ததில்ல. படுத்துக்கிட்டே கூரையை அளப்பாரு. ஜன்னல் கம்பியை எண்ணுவாரு. என்னங்க பண்றீங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, நீ படும்பாரு. இப்ப என்னடான்னா தலையைச் சாய்ச்சா கட்டை. பக்கத்துல வேத்து ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்குண்ணா எனக்கு."

"அங்க என்னதான் பண்றாங்களாம்? ஆடறாங்களா, பாடறாங்களா, புகை போட்டு மயக்கறாங்களா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்றாள் கறாரின் மனைவி. அடுப்பைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. "சும்மா உக்காந்திருப்பாங்க. கடைசியா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

கறார் ரொட்டியைப் பிய்த்தார். தங்கை அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவர் எந்தச் சாமியையும் கும்பிட்டுக்கட்டும். எனக்கு அதுல வழக்கு இல்ல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஏன் என்கிட்ட முதல்ல சொல்லல? ஊருக்கே சொல்லத் தெரிஞ்சவருக்கு வீட்டுல சொல்ல வாய் வரலையா? அதுக்கு ஒரு நேர்மையான பதில் வந்தா அவரோட உக்காந்து பேசறேன். மழுப்பினாருன்னா இந்தப் பையைப் பிரிச்சு உன் அலமாரியில அடுக்கிடுவேன்."

"இன்னிக்கு வேலை அவன்கூடத்தான். கேட்டுட்டு வரேன்."

"சிரிக்காம கேளு."

"நான் எங்கடி சிரிச்சேன்?"

"நீ கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சிடுவே. உனக்கே தெரியாது."

கறாரின் மனைவி இந்தத் தடவை திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். கறாரின் வாயை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

அன்றைய வேலை எங்கே என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். அதே பிரார்த்தனைக் கூடத்தில்தான்.

போன மழைக்காலத்துக் காற்றில் அங்கே பெரிய ஜன்னல் ஒன்று நொறுங்கிப் போனது. மறுநாளே பலகை அடித்து மூடிவிட்டார்கள். கண்ணாடி போட வேண்டும் என்று ஆள் வந்தபோது கறாருக்கு இடுப்புப் பிடிப்பு. "நீ போய் அளவெடுத்துட்டு வா" என்று பூனையை அனுப்பி வைத்தவரே அவர்தான். அளவெடுக்கப் போன ஆள் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது கறாருக்கு நேற்றுத்தான் தெரியும்.

பட்டறை வாசலில் பூனை வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைச் சாய்வுச் சட்டத்தில் ஏற்றிக் கட்டுவதற்குள் இருவரும் வேலைக்கான வார்த்தை தவிர எதுவும் பேசவில்லை. கறார் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதுக் கண்ணாடி வந்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே குமிழி இருக்கிறதா என்று தேடுவார்களே, அந்தப் பார்வை. அதே தொப்பி. அதே சவரம் செய்யாத தாடை. நெற்றியிலோ கழுத்திலோ ஒரு அடையாளமும் இல்லை.

வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கறாருக்குப் பொறுக்கவில்லை.

"சிகரெட் பிடிப்பியா இப்ப?"

"பிடிப்பேன்."

"கெட்ட வார்த்தை?"

"நீ இப்படியே ஓட்டினா இந்தத் திருப்பத்துலயே வரும்."

"பேரு மாத்திட்டாங்களா?"

"பூனைங்கறதை மாத்த என் மாமியாராலயே முடியல. இவங்க எங்க மாத்தறது?"

"அப்ப என்னதான்டா மாறிச்சு?"

பூனை வெளியே பார்த்தார். "தெரியல மச்சான். தெரிஞ்சா சொல்றேன்."

இது கறாருக்குப் புதிது. மதம் பிடித்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்துவிட்ட முகத்தோடு வருவார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார்கள். அப்படி ஒருத்தன் வந்தால் எப்படி மடக்குவது என்று அவருக்கு அத்துப்படி. தெரியாது என்று சொல்கிறவனை எந்தப் பக்கத்திலிருந்து மடக்குவது?

தங்கையின் கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. கண்ணாடியை முதலில் இறக்கிவிடுவோம் என்று விழுங்கிக்கொண்டார்.

*

கூடம் என்றால் கோபுரமும் சலவைக்கல்லும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது முன்பு டயர் கிடங்கு. வெயில் ஏறினால் இன்னும் ரப்பர் வாசனை வரும். உள்ளே வரிசையாக மர நாற்காலிகள், தரையில் ஒரு பெரிய விரிப்பு, அவ்வளவுதான். கறார் நுழைந்ததும் உண்டியலைத் தேடினார். காணோம். கண்ணில் படும்படி உண்டியல் இல்லை என்றால், கண்ணில் படாமல் பெரிதாக ஒன்று இருக்கிறது என்பது அவர் கணக்கு.

இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒரு அம்மாள் வந்தாள். கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளாம்.

"பலகையைக் கழட்டி வெச்சிட்டேன்," என்றாள். "காத்து வந்ததுலேர்ந்து பகல்லயே விளக்கு போட்டு உக்காந்திருக்கோம். இன்னிக்காவது விடியட்டும்." பிறகு கறாரைப் பார்த்து, "நீங்கதான் கறாரா? உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள்.

"நல்லபடியா இருக்காதே?"

"கண்ணாடி நல்லா வெட்டுவீங்கன்னு."

அவள் நகர்ந்ததும் கறார் கேட்டார்: "என்னடா சொல்லி வெச்சிருக்கே?"

"நான் உன்னைப் பத்தி வாயே திறக்கலையே," என்றார் பூனை.

கறார் நம்பவில்லை.

பெரிய கண்ணாடியை இரண்டு பேர் எப்படித் தூக்குவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஒருவர் முன்னோக்கி நடப்பார், இன்னொருவர் பின்னோக்கி நடப்பார். பின்னோக்கி நடக்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், பிறகு அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். எதிரே வருகிறவன் வாய்தான் அவருக்குக் கண். தொழில் கற்ற நாளிலிருந்து பின்னோக்கி நடப்பது கறார், வழி சொல்வது பூனை. அளவும் அப்படித்தான். பூனை அளந்து வந்து வாயால் சொல்வார், கறார் வெட்டுவார். எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. திருப்பி அளந்து பார்க்கிற பழக்கமும் கிடையாது.

ரப்பர் கவ்விகளைக் கண்ணாடியில் பொருத்தி, "தூக்கு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"வா... வா... படி," என்றார் பூனை. "இன்னொரு படி. நேரா வா. வாசக்கால் வருது. இடது பக்கம் கொஞ்சம்..."

கறார் திரும்பிப் பார்த்தார்.

ஏன் திரும்பினார் என்று அவருக்கே தெரியாது. கழுத்து அதுவாகவே திரும்பியது. கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தது. பூனை முழங்காலை மடக்கி, மொத்தக் கனத்தையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, நெஞ்சால் தாங்கிப் பிடித்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. மெதுவாக, மிக மெதுவாக, வாசலில் கிடந்த சாக்கின் மேல் அதை இறக்கினார்கள்.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"திரும்பினியே," என்றார் பூனை.

"கால் இடறிச்சு."

"இடறல. திரும்பினே."

கறார் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். செய்வதற்கு வேறு வேலை இல்லாதவர் செய்கிற வேலை.

பூனை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கறாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ இந்தப் பக்கம் வா," என்றார். "நான் பின்னால நடக்கறேன். நீ வழி சொல்லு."

"எனக்கு அது பழக்கமில்ல."

"எனக்கும்தான் இது பழக்கமில்ல. தூக்கு."

இப்போது கறார் முன்னோக்கி நின்றார். எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூனையின் முகம். அது தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "உள்ள இறங்கற படி," என்றார் கறார். பூனையின் கால் பின்னால் போய்ப் படியில் தானாக நின்றது. "இன்னொண்ணு." நின்றது. "நாற்காலி இருக்கு, வலது பக்கம் ஒதுங்கு." ஒதுங்கியது. தன் வாய் ஒரு வார்த்தை பிசகினால் இந்த ஆள் மல்லாக்க விழுவான் என்று தெரிந்ததும் கறார் ஒவ்வொரு வார்த்தையையும் நிதானித்துச் சொன்னார். இத்தனை வருஷமாக இந்தப் பாரத்தையா இவன் சுமந்துகொண்டிருந்தான்? பின்னால் நடப்பதுதான் பெரிய வேலை என்றல்லவா நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்?

ஜன்னலுக்கு நேரே வந்து, தூக்கி, சட்டத்துக்குள் நுழைத்தார்கள்.

நுழையவில்லை.

மேலே பொருந்தியது, கீழே பொருந்தியது, அகலத்தில் இடித்தது. ஒரு விரல் அகலம் கண்ணாடி அதிகம்.

பூனை சட்டத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. கறார் டேப்பை எடுத்துக் கண்ணாடியை அளந்தார். பூனை வாயால் சொன்ன அளவு அப்படியே இருந்தது. வெட்டில் பிசகில்லை. பிறகு சட்டத்தை அளந்தார். பிசகு பூனை எடுத்த அளவில்.

சொல்லிக் காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. திரும்பிப் பார்த்தது சரிதான் என்று சொல்லிவிடலாம். கறார் வாயைத் திறந்தார். ஆனால் அவருக்குள் வேறு ஒன்று முந்திக்கொண்டது. இந்த மனுஷன் அளவு தப்பி அவர் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் தப்பவில்லை. அவன் அப்பா இறந்த வாரம்கூடத் தப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைவிரலால் தடவிச் சொன்னாலும் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவன் தப்பு விட்டிருக்கிறான் என்றால் அன்றைக்கு இங்கே ஏதோ நடந்திருக்கிறது.

அவர் கருவிப்பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு டேப் உன் கையில இருக்கறப்ப என்னடா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"பூனை."

"நிஜமாத்தான் சொல்றேன். ஒண்ணுமே நடக்கல. அதான் விஷயம்." பூனை நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ஸ்டூல் மேல நின்னு சட்டத்தோட உள்ளளவு எடுத்துக்கிட்டிருந்தேன். கீழ இவங்க பத்துப் பன்னண்டு பேரு உக்காந்திருந்தாங்க. பேச்சு இல்ல, சத்தம் இல்ல. உயரம் எடுத்துட்டேன். அகலம் எடுக்கறப்ப... மச்சான், உனக்குத் தெரியுமில்ல, என் தலைக்குள்ள எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். கதவைப் பாத்தா அகலம், சுவரைப் பாத்தா உயரம், ஆளைப் பாத்தா ஆள் உயரம். சாப்பிடறப்ப மேஜையை அளப்பேன். உன் தங்கச்சி என் பக்கத்துல அழுதுக்கிட்டிருந்தாலும் உள்ள ஒருத்தன் ஜன்னல் கம்பியை எண்ணிக்கிட்டே இருப்பான். சின்ன வயசுலேர்ந்து அவன் வாயை மூடினதே இல்ல. அன்னிக்கு மூடிட்டான். டேப்பைப் பாக்கறேன், அதுல நம்பர் இருக்கு, எனக்கு அது நம்பராத் தெரியல. எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் ஏதோ ஒரு அளவை மனசுல வெச்சுக்கிட்டு இறங்கி வந்துட்டேன்."

கறார் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வருகிறதா என்று தன்னையே பார்த்துக்கொண்டார். வரவில்லை. கேள்விதான் வந்தது.

"சும்மா உக்காந்தா எங்க வேணாலும் நிக்கும்டா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்தா நிக்காதா?"

"உக்காந்து பாத்தேன். பஸ்ஸை எண்ணினேன்."

"வீட்டுல?"

"டைல்ஸு."

கறார் மூக்கைச் சொறிந்தார். "சரி, நின்னுச்சு. யாரோ மேல உக்காந்து நிறுத்தினாருன்னு எப்படிச் சொல்றே?"

"அப்படி நான் சொல்லல. நின்ன இடம் இது. நன்றி சொல்லத் தோணுச்சு. இங்க நன்றி சொல்ல இவங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. அதுல சேந்துக்கிட்டேன்."

"எனக்குக் கீறல் போடறப்ப அப்படி ஆகும்," என்றார் கறார் திடீரென்று. இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "வைரமுனையை வெச்சு இழுக்கறப்ப ஒரு சத்தம் வருமே, அது முடியற வரைக்கும் ஒண்ணும் இருக்காது. நான்கூட இருக்க மாட்டேன். அதுக்கு எனக்கு ஒரு சாமியும் தேவைப்படல."

"உனக்குத் தேவைப்படாது மச்சான். வெட்டறவன் நீ. நான் அளக்கறவன். எனக்கு அது எப்படிக் கிடைக்கும்?"

தொழிலை அப்படிப் பங்கு போட்டது கறார்தான்.

"தங்கச்சி ஒண்ணு கேக்கச் சொன்னா" என்றார். "அவகிட்ட ஏன் முதல்ல சொல்லல? மழுப்பாம சொல்லு. பதிலைப் பொறுத்துத்தான் பையைப் பிரிக்கறதா இல்லையான்னு இருக்கா."

பூனை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சொல்லணும்னுதான் தினம் வாயைத் திறந்தேன். அவகிட்ட சொன்னா உன்கிட்ட சொன்ன மாதிரி. அவளால உன்கிட்ட எதையும் மறைக்க முடியாது. நீ சிரிப்பே. எனக்கு அது தாங்காது."

"நான் என்ன, உன்னைப் பாத்தா சிரிச்சேன்? ஊரைப் பாத்துச் சிரிச்சோம், சேர்ந்துதானே சிரிச்சோம்?"

"அதான் பயம். கூடச் சிரிச்சவன் சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. மத்தவன் சிரிச்சா போடான்னு போயிடலாம். நீ சிரிச்சா நானும் உன்கூடச் சேந்து சிரிச்சிடுவேன். அப்புறம் அது போயிடும். மறுபடி எண்ண ஆரம்பிச்சிடுவேன்."

கறார் தரையைப் பார்த்தார். தங்கையின் பை அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அதைத் தூக்க வைத்தது பூனை என்றுதானே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்தார். கண்ணாடியைத் தரை விரிப்பில் படுக்க வைத்தார்கள். ஒரு விரல் அகலம் மட்டும் சீவி எடுப்பது ஒரு கை அகலம் எடுப்பதைவிடக் கஷ்டம். மெல்லிய துண்டு நேராக உடையாது, விளிம்பு பல் பல்லாகப் பெயரும். கறார் வைரமுனையை எண்ணெயில் தொட்டார்.

"அளவு சொல்லு," என்றார்.

"நீயே எடுத்துக்கயேன் மச்சான்."

"சொல்லுடா."

பூனை டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். இறங்கி வந்து சொன்னார். கறார் சரிபார்க்கவில்லை. அந்த இடத்தில் முனையை வைத்து ஒரே மூச்சில் இழுத்தார். கீச்சென்று நீளமாக ஒரு சத்தம். சாவிக்கார அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இடுக்கியால் துண்டு துண்டாகப் பிடித்து உடைத்தார்கள். தூக்கி வைத்தார்கள். உட்கார்ந்தது.

கூடத்துக்குள் வெளிச்சம் வந்தது. நேர் வெயில் இல்லை. எதிரே இருக்கிற தாழ்வான கட்டடத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற காலை வெளிச்சம். அந்த அம்மாள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். "அப்பாடா," என்றாள். கறாரை உட்காரச் சொல்லவில்லை. கறார் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று சொல்வதற்காக.

*

வேலையெல்லாம் முடிந்து வீட்டு வாசலில் வேன் நிற்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பூனை இறங்கவில்லை.

"நீ முதல்ல போய்ச் சொல்லு. கூப்பிட்டா வரேன்."

தங்கை முன்னறையிலேயே காத்திருந்தாள். கறார் சுற்றி வளைக்கவில்லை.

"கேட்டேன். நான் சிரிப்பேன்னு சொல்லலையாம்."

"நீயா?"

"நான்தான். உனக்குச் சொன்னா எனக்குத் தெரியும், எனக்குத் தெரிஞ்சா சிரிப்பேன், சிரிச்சா அவனுக்குக் கிடைச்சது போயிடும். அவ்வளவுதான் அவன் பதில். மழுப்பல. அவனோட தூக்கத்தைப் பத்தி அவன் வாயாலேயே கேளு. நான் சொன்னா கெடும்."

தங்கை அண்ணனை நன்றாகப் பார்த்தாள். "சிரிச்சியா?"

"இல்ல."

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

அவள் எழுந்து ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தாள். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மூலையில் கிடந்த பையைப் பார்த்தாள். "இது இங்கயே இருக்கட்டும். நான் பேசிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். வேன் கதவு திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன. முன்சீட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. கறார் பார்க்க விரும்பாமல் சமையலறைக்கு வந்தார்.

மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"கண்ணாடி பொருந்திச்சா?"

"கொஞ்சம் சீவ வேண்டியிருந்துச்சு. பொருந்திச்சு."

"நல்லதாப் போச்சு," என்றாள் அவள், பாத்திரத்தை மூடிக்கொண்டே. "ஆனா இனிமே மறுபடியும் சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிக்குமே. ஒரு திரை போடச் சொன்னீங்களா?"

கறார் தண்ணீரை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார்.

அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று அவர் இவளிடம் சொல்லவில்லை. பூனைக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. பூனை அங்கே போக ஆரம்பித்ததிலிருந்து அதில் பலகைதான் இருந்தது. சாயங்கால வெயில் அதன் வழியாக முகத்தில் அடிக்கும் என்பது, காற்றடித்துக் கண்ணாடி நொறுங்குவதற்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கதான் கறாரா, உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் என்றாளே அந்தச் சாவிக்கார அம்மாள்.

மனைவிக்கும் புரிந்துவிட்டது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் மூடியைப் பிடித்த கையோடு நின்றாள். அவள் கண் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு எந்தப் பக்கம் வளையும் என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை இன்றைக்குக் காலையிலும் பார்த்தோமே, நேற்றும் பார்த்தோமே, எத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கறாருக்கு அப்போதுதான் உறைத்தது.

டம்ளரை மேடையில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. எப்போதிலிருந்து, யார் கூட்டிக்கொண்டு போனது, என்ன பொய் சொல்லிவிட்டுப் போனாய். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்றைக் கேட்டார்.

"அவனுக்கு அங்க எண்ணிக்கை நிக்குதாம். உனக்கு என்ன நிக்குது?"

அவள் அடுப்பை அணைத்தாள்.